ஜனவரியில் காசு கேட்காதீர்கள்

திருகோணமலை நகரிலும் கரையோரக் கிராமங்களிலும் உள்ள ஆரம்பப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்க நிர்வாக சபையினருக்கும் வலயக் கல்விப் பணிமனை அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

ஆண்டுதோறும் தரம் 1 கால்கோள் விழா முடிந்த கையோடு சந்தா, வகுப்பறைத் திரைச்சீலை, மின்விசிறி, விளையாட்டு விழா என்று நான்கைந்து பணக் கோரிக்கைகள் பெற்றோரிடம் வந்து சேர்கின்றன. இந்த வசூலை மே முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களுக்கு நகர்த்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். காசு தர இயலாதவர் தரக்கூடிய நேரத்தையும் கைத்தொழிலையும் காசுக்கு நிகராகப் பதிவு செய்யுங்கள் என்றும் கேட்கிறோம். இரண்டு கோரிக்கைக்கும் காரணம் ஒன்றுதான். இந்த ஊரில் மழைக்காலத்தில் வீடுகளில் காசு இல்லை, நேரம் இருக்கிறது. வெயில் காலத்தில் காசு இருக்கிறது, நேரம் இல்லை. நம் சங்கங்கள் இரண்டையும் மாறிய பருவத்தில் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

எழுதுகிற நாங்கள் சங்கக் கணக்கு எழுதியவர்கள், சிரமதானம் ஒழுங்கு செய்தவர்கள், வகுப்பு வட்டங்களில், அதாவது ஒவ்வொரு வகுப்பின் பெற்றோர் குழுக்களில், வேலை செய்தவர்கள். குறை சொல்வது எங்கள் நோக்கம் அல்ல. அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்திலேயே எடுத்துப் பேசக்கூடிய விபரங்களைத் தருகிறோம்.

ஒக்டோபர் கடைசியில் பிடிக்கும் வாடைமழை நவம்பரிலும் டிசெம்பரிலும் கொட்டித் தீர்த்துவிட்டு ஜனவரியிலும் விட்டுவிட்டுப் பெய்யும். அந்த மாதங்களில் திருக்கடலூரிலும் பள்ளத்தோட்டத்திலும் சல்லியிலும் சாம்பல்தீவிலும் வள்ளங்கள் கரையில் கிடக்கும் நாட்களே அதிகம். ஈரத்தில் மேசன் வேலை நிற்கும். மேசன் நின்றால் கையாளின் நாட்கூலியும் நிற்கும். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் பருவத்துக்கு மட்டும் எடுக்கப்பட்டவர்களும் புறாத்தீவுக்குப் படகோட்டுபவர்களும் வீட்டில் இருப்பார்கள். கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்துப் பெரும்போகம் பெப்ரவரி, மார்ச்சில்தான் அறுவடைக்கு வரும். இந்த ஜனவரியில்தான் சப்பாத்து, புத்தகப்பை, கொப்பி, பொங்கல் என்று வீட்டுச் செலவும் குவிகிறது. தாயின் காதுத்தோடு அடகுக்குப் போகும் மாதம் இது.

மே பிறந்தால் நிலைமை வேறு. கடல் அமைதியாகும், கரைவலை இழுபடும், விடுதிகளில் ஆட்கள் நிறைவார்கள், கட்டட வேலை மும்முரமாக நடக்கும். ஜனவரியில் 500 ரூபாவுக்குத் தலையைச் சொறிகிற அதே தகப்பன் ஜூனில் 2,000 ரூபாவைக் கேட்காமலே தருவார்.

வசூல் காலம் பிழைத்தால் காசு குறைவது சிறிய நட்டம். பாக்கி வைத்திருக்கும் தாய் பாடசாலைப் படலைக்குள் வரக் கூசுவார், பெற்றோர் கூட்டத்துக்கு வரமாட்டார், வகுப்பு ஆசிரியரை வீதியில் கண்டால் மறுபக்கம் போவார். அவரிடம் சிரமதானத்துக்கு வரும்படி எவரும் கேட்க முடியாது. கடைசியில் எல்லா வேலையும் அதே பத்துப் பன்னிரண்டு தாய்மாரின் தலையில் விழுகிறது. 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று ஆண்டறிக்கையில் எழுதப்படும் வரிக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த வெட்கம்தான் இருக்கிறது. ஒத்துழைப்பைக் கூட்ட வேண்டுமானால் முதலில் இதைத் தீர்க்க வேண்டும்.

'ஜனவரியில் வசூலிக்காவிட்டால் முதலாந் தவணைச் செலவுக்கு என்ன செய்வது?' என்று பொருளாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடை, முந்திய ஆண்டிலேயே ஒதுக்கி வைப்பது. 300 பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில் போட்டோகொப்பித் தாள், விளையாட்டு விழா, சிறு திருத்த வேலைகள் எல்லாம் சேர்த்து முதலாந் தவணைக்கு 150,000 ரூபா தேவை என்று வைப்போம். முதல் ஆண்டு, மே முதல் ஓகஸ்ட் வரையான வசூலில் வழக்கமான செலவுக்கு மேல் 50,000 ரூபாவை மட்டும் கூடுதலாகச் சேர்த்து ஒதுக்குங்கள். அடுத்த ஜனவரியில் 100,000 ரூபாதான் வசூலிக்க வேண்டி வரும். ஜனவரியில் கேட்காமல் விட்ட 50,000 ரூபாவை நடு ஆண்டில் வாங்கி, அதோடு இன்னுமொரு 50,000 சேர்த்தால் ஒதுக்கம் 100,000 ஆகும். மூன்றாம் ஆண்டு ஓகஸ்டில் அது 150,000 ஆக நிற்கும். அதன் பிறகு ஜனவரியில் எவரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை. இந்த மாற்றத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் கூடுதலாக வேண்டியது பிள்ளை ஒன்றுக்கு ஏறக்குறைய 167 ரூபா. அதையும் பெற்றோரிடம் கேட்காமல் ஒரு சந்தை நடத்தித் திரட்டலாம். சந்தையைப் பற்றிக் கீழே சொல்கிறோம். இந்த ஒதுக்கத்தைக் காசேட்டில் தனித் தலைப்பில் காட்டுங்கள். பொதுக் கணக்கோடு கலந்து கிடந்தால் செப்டெம்பர், ஒக்டோபரில் வாணி விழாவுக்கோ ஆசிரியர் தினத்துக்கோ கரைந்துவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1945 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். பணம் கட்டாத பிள்ளையின் பாடப்புத்தகத்தையோ முன்னேற்ற அறிக்கையையோ தடுத்து வைப்பதும், பாக்கிக்காரரின் பெயரை வகுப்பில் வாசிப்பதும், 'கட்டியோர் பட்டியல்' என்று வட்ஸ்அப் குழுவில் போடுவதும் உடனே நிற்க வேண்டும். கட்டியோர் பட்டியல் போட்டாலே கட்டாதோர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வகுப்புக் குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி அமைத்துவிட்டு, வங்கிச் சீட்டின் படத்தைப் பொருளாளருக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். 'அனுப்பிவிட்டேன்' என்று ஒருவர் பின் ஒருவராகக் குழுவில் போடும் வழக்கம் அதோடு ஓய்ந்துவிடும்.

இனி, கணக்கில் ஏறாத வசூல்கள். சங்கத்தின் கணக்கு ஒழுங்காக இருக்கும் பாடசாலைகளில்கூட வகுப்பு வட்டங்களின் கணக்கு எவர் கையிலும் இல்லை. வகுப்புக்கு வர்ணம், ஆசிரியர் தினப் பரிசு, ஒளி விழா உடுப்பு, குழுப்படம், இல்லப் பந்தல் என்று ஆளுக்கு 200, 300 ஆகச் சேர்ந்து ஆண்டு முடிவில் சங்கச் சந்தாவைத் தாண்டிவிடும். இவற்றுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. மிஞ்சிய காசு எங்கே போனது என்று கேட்பவருக்குச் சண்டைக்காரர் என்று பெயர் வரும். இதை மாற்ற ஒரே வழி, ஆண்டுத் தொடக்கத்தில் எல்லா வகுப்பு வட்டங்களின் செலவையும் ஒரே தாளில் எழுதி நிர்வாக சபையில் அங்கீகரித்து, அந்தத் தாளில் இல்லாத எதற்கும் எந்தக் குழுவிலும் காசு சேர்க்கக் கூடாது என்று தீர்மானிப்பது. ஆசிரியருக்குப் பரிசு கொடுப்பதானால் பிள்ளை கையால் செய்த அட்டை போதும் என்று அதிபரே அறிவித்தால்தான் அது நிற்கும். பெற்றோர் சொல்லி நிற்காது.

விளையாட்டு விழாவுக்கு இல்ல நிறத்தில் ரீ-சேர்ட் அடிப்பதை மறுபரிசீலனை செய்யுங்கள். ஒரு நாள் போட்டுவிட்டு அடுத்த ஆண்டுக்குள் பிள்ளைக்குப் பற்றாமல் போகும் உடுப்பு அது. அரை மீற்றர் நிற ரிபன் ஒன்றைக் கையில் கட்டினால் எந்த இல்லம் என்பது தெரிந்துவிடும். 100 பிள்ளைகளுக்கு 50 மீற்றர் போதும். மூன்று வீட்டில் பிள்ளைகள் ஒரே நாளில் வெட்டி முடிப்பார்கள். பந்தலுக்குப் போட்டிப் புள்ளி கொடுப்பதை விட்டுவிட்டால் வாடகைத் துணிக்கும் பலகைக்கும் போகும் காசும் மிஞ்சும். ஆரம்பப் பிரிவில் பந்தல் கட்டுவது பெற்றோர். புள்ளியும் பெற்றோருக்குத்தான் கிடைக்கிறது.

சந்தைக்கு வருவோம். சிறுவர் சந்தையும் உணவுச் சந்தையும் பிள்ளைகளுக்கு விற்கவும் வாங்கவும் எண்ணவும் பழக்கும் நல்ல நிகழ்ச்சிகள். ஆனால் நிதி திரட்டும் வழியாகப் பார்த்தால் கணக்கு வேறு. 60,000 ரூபாவுக்கு விற்பனை என்று மேடையில் அறிவிக்கிறோம். அதற்கான மா, எண்ணெய், சீனி, காய்கறியைப் பெற்றோர் தங்கள் காசில் 40,000 ரூபாவுக்கு வாங்கியிருப்பார்கள். செய்து கொண்டுவந்ததை அதே பெற்றோர் 60,000 கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். 100,000 ரூபா அவர்கள் பையில் இருந்து போய், 60,000 பாடசாலைக்குச் சேர்கிறது. பிள்ளைகள் தின்ற பண்டத்தைக் கழித்தாலும் இது நட்டமான வியாபாரம். சந்தையால் உண்மையில் வருமானம் வர வேண்டுமானால் வாங்குபவர்களில் பாதிப்பேராவது வெளியார் ஆக வேண்டும்.

திருகோணமலையில் அது கடினம் அல்ல. மாகாணத் திணைக்களங்களும் மாவட்டச் செயலகமும் வங்கிகளும் நகருக்குள்ளேயே இருக்கின்றன. அரச உத்தியோகத்தர் கையில் சம்பளம் புரள்வது 25ஆம் திகதியை அடுத்து. எனவே மே, ஜூன், ஜூலை மாதங்களில் ஒன்றைத் தெரிந்து, 25ஆம் திகதிக்குப் பின் வரும் முதற் சனிக்கிழமை காலை 8 மணி முதல் 10.30 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிழமைக்கு முன்பே அயல் அலுவலகங்களுக்கு விலைப்பட்டியலோடு முன்பதிவுத் தாள் கொடுங்கள். 'பொதி ஒன்று 300 ரூபா, உள்ளே இன்னின்னவை' என்று எழுதி, பணத்தையும் முன்கூட்டியே பற்றுச்சீட்டுக்கு வாங்கிவிட்டால் எவ்வளவு செய்வது என்ற குழப்பம் இராது. அந்த முன்பணத்தை வங்கியில் இட்டுவிட்டு, சமைக்கும் தாய்மாருக்குச் சாமான் செலவைப் பில்லுக்கு எதிராகக் காசோலையாகக் கொடுத்துவிடலாம்.

நம் வெயிலில் எது தாங்கும் என்பதைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். அவித்த கடலை, வறுத்த கச்சான், அவித்த சோளன், வடை, பயற்றம் உருண்டை போன்றவை தாங்கும். முட்டை வைத்த சான்ட்விச், மயோனிஸ் போட்டவை, பால் சேர்ந்த இனிப்பு, தேங்காய்ப்பூச் சம்பல் ஆகியவை 32 பாகைக்கு மேற்பட்ட வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. காலை 5 மணிக்குச் செய்த சம்பலை 10 மணிக்கு விற்றால் வயிற்றோட்டம் வராமல் இருந்தால்தான் அதிசயம். பாலைப்பழமும் நாவற்பழமும் வரும் காலமானால் அவற்றை வாங்கிச் சிறு பொதியாகக் கட்டுங்கள். பிள்ளைகள் விரும்புவார்கள், கெடும் பயமும் குறைவு. குளிர்பானத்தில் ஐஸ் போடுவதானால் குடிநீரில் செய்த ஐஸ்தானா என்று உறுதிப்படுத்துங்கள். மீன் பெட்டிக்கு வெட்டும் ஐஸ் பாளம் மலிவு என்று வாங்கி சர்பத்தில் உடைத்துப் போடும் வழக்கம் இந்தக் கரையில் இருக்கிறது. அது குடிப்பதற்குச் செய்த ஐஸ் அல்ல. கச்சான் சேர்ந்த பண்டங்களுக்குத் தனித்தட்டு வைத்துப் பெயர் எழுதுங்கள். கச்சான் ஒவ்வாத பிள்ளைக்கு அது உயிர் ஆபத்து. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு கிழமை முன்பே எழுத்தில் அறிவித்தால் வந்து பார்த்து ஆலோசனை சொல்வார்.

காசைக் கையாளும் விதத்தில்தான் சந்தைகள் குழம்புகின்றன. ஆறு கடையிலும் ஆறு பேர் காசு வாங்கினால் ஆறு இடத்தில் சில்லறை வேண்டும், ஆறு இடத்தில் கணக்கு பிழைக்கும். கடைகளில் டோக்கன் மட்டும் செல்லும் என்று வையுங்கள். 20, 50 ரூபா டோக்கன்கள் இரண்டு நிற அட்டையில், சங்க முத்திரை பதித்து, கட்டுக்கு 100 ஆக எண்ணிக் கட்டியிருக்க வேண்டும். விற்பதற்கு இரண்டு மேசை போதும். மேசை ஒன்றுக்கு 1,000 ரூபா சில்லறை கொடுங்கள்: 20 ரூபாத் தாள் 20, 50 ரூபாத் தாள் 6, 10 ரூபாக் குற்றி 30. ஒருவர் காசு வாங்க, மற்றவர் டோக்கன் கொடுக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது. மிஞ்சிய டோக்கனை 10.45க்குள் திருப்பிக் கொடுத்தால் காசு உண்டு என்று படலையிலேயே எழுதி வையுங்கள். கொடுத்த டோக்கனில் திரும்பியதைக் கழித்தால் வரும் தொகையும், கையில் உள்ள காசில் ஆரம்பச் சில்லறையைக் கழித்தால் வரும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதிபரின் அறையில் மூன்று பேர் இருந்து தாள் வாரியாக எண்ணி, மூவரும் கையெழுத்திட்டு, பையை முத்திரையிட்டுப் பெட்டகத்தில் வைத்து, அடுத்த வங்கி நாளில் முழுத்தொகையையும் வைப்பிலிடுங்கள். அந்தக் காசில் இருந்தே பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை வங்கியில் போடும் பழக்கம்தான் பின்னால் எல்லா மனக்கசப்புக்கும் வேர். வரவு முழுதாக உள்ளே போக வேண்டும். செலவு காசோலையாக வெளியே வர வேண்டும்.

அதிர்ஷ்டச் சீட்டு வேண்டாம். சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டிய விடயம் அது. அதைவிட, 20 சீட்டுக் கொண்ட புத்தகத்தைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பினால் விற்காத சீட்டின் காசை வீட்டில்தான் கொடுப்பார்கள். ஏழு வயதுப் பிள்ளையை வீடு வீடாக விற்க அனுப்புவது பாதுகாப்பும் அல்ல.

அடுத்தது நேரம். 'பெற்றோர் ஒத்துழைப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்ற பொதுவான அறிவித்தலுக்கு எவரும் வருவதில்லை. என்ன வேலை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், என்ன கொண்டுவர வேண்டும், சின்னப்பிள்ளையைக் கூட்டி வரலாமா என்ற ஐந்துக்கும் பதில் இருந்தால் வருவார்கள். வேலைகளை வெட்டிச் சிறிதாக்குங்கள். காலை 7 மணி முதல் 7.30 வரை படலையடியில் வீதி கடக்க உதவுவது ஒரு வேலை. வெள்ளிக்கிழமை 20 நிமிடம் வளவைச் சுற்றி நுளம்பு பெருகும் இடம் பார்ப்பது இன்னொன்று. முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் எடுக்கும் என்பதால் கிழமைக்கு ஒரு முறை தண்ணீரைக் கொட்டினால் போதும், இரண்டு கிழமைக்கு ஒரு முறை என்றால் போதாது. பீலி, கழிப்பறைத் தாங்கியின் மூடி, பூச்சாடித் தட்டு, உடைந்த கதிரையின் பள்ளம் ஆகிய நான்கையும் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். வீட்டில் இருந்தபடி செய்யும் வேலைகளும் இருக்கின்றன: நூலகப் புத்தகத்துக்கு உறை போடுவது, எழுத்தட்டை வெட்டுவது, கிழிந்த திரைச்சீலை தைப்பது. கைக்குழந்தை உள்ள தாய்மார் இவற்றை விரும்பிக் கேட்பார்கள், நீங்கள் அவர்களிடம் கேட்டால்.

வாடைக் காலத்துத் தகப்பன்மாரை நம் சங்கங்கள் முழுதாக மறந்துவிட்டன. வலை முடியத் தெரிந்தவர் கரப்பந்தாட்ட வலையையும் கோல் வலையையும் ஒரு பகலில் முடிந்து தருவார். கடையில் வாங்கும் வலை அந்த உறுதி வராது. வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டுபவர் வெடித்த சறுக்குமரத்தையும் தாங்கியின் மூடியையும் ஒட்டித் தருவார். பிசினுக்கும் ஃபைபர் பாய்க்கும் உள்ள செலவை மட்டும் கொடுத்தால் போதும். ஒரு நிபந்தனை: ஒட்டும் இடம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அரத்தாளால் தேய்த்திருக்க வேண்டும், பிள்ளைகள் இல்லாத நாளாக இருக்க வேண்டும். அந்த மணம் அவர்களுக்குக் கூடாது. துறைமுகத்திலும் சீனன்குடாத் தொழிற்சாலைகளிலும் மின்வேலை, வெல்டிங் தெரிந்த பெற்றோர் நிறைய. தரம் 1 அனுமதியின்போதே 'உங்களுக்குத் தெரிந்த கைத்தொழில் என்ன?' என்று ஒரு வரி கேட்டு எழுதி வைத்தால் ஐந்து ஆண்டுக்குப் பயன்படும். படிவம் நிரப்பத் தெரியாதவரிடம் வாயால் கேளுங்கள். தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கும் வீடுகளில் அம்மம்மாதான் வருவார். கடிதத்தில் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்று போடாவிட்டால் தன்னை அழைக்கவில்லை என்றே அவர் நினைப்பார்.

செய்த வேலையை ஓர் உழைப்புப் பதிவேட்டில் திகதி, வேலை, மணித்தியாலம் என்று எழுதி, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவோடு சேர்த்து மொத்த மணித்தியாலத்தை வாசியுங்கள். ஆனால் 'காசு கட்டாதவர்கள் வந்து கூட்டிப் பெருக்கிக் கழியுங்கள்' என்று ஒருபோதும் சொல்ல வேண்டாம். நேரத்தைக் கடன் கழிக்கும் கூலியாக்கினால் முன்பிருந்த வெட்கம் இரட்டிப்பாகும்.

சிரமதானம் பிழைத்துப்போவது வேலைக் கருவிகள் போதாமல்தான். 40 பேர் வருவார்கள், மூன்று மண்வெட்டி இருக்கும். ஒன்பது மணிக்கு வெயில் ஏறும்போது பாதிப்பேர் மரத்தடியில் நிற்பார்கள், அடுத்த முறை வரமாட்டார்கள். 40 பேரைப் பத்துப் பேராக நான்கு குழுவாக்குங்கள். குழுவுக்கு மண்வெட்டி 3, கத்தி 2, ஈர்க்குமாறு 3, தள்ளுவண்டி 1, உரப்பை 10 என்று வையுங்கள். குப்பையை ஏற்ற உள்ளூராட்சி சபையின் உழவு இயந்திரத்துக்குக் குறைந்தது ஒரு கிழமை முன்பே கடிதம் கொடுங்கள். இல்லாவிட்டால் கூட்டிக் குவித்தது அடுத்த மழையில் மறுபடி வளவெல்லாம் பரவும். பீலியும் வடிகாலும் ஒக்டோபர் முதற் கிழமைக்குள் முடிய வேண்டும். கூரைக்கு ஏறுவது தொழில் தெரிந்தவர் மட்டும். உதவி செய்ய வந்த பெற்றோர் ஒருவர் விழுந்தால் அந்தக் குடும்பத்தின் சோற்றுக்கு எவரும் பொறுப்பு இல்லை.

தண்ணீர்த் தாங்கியைக் கழுவி விட்டாற் போதும் என்று நினைக்க வேண்டாம். சேற்றை அகற்றித் தேய்த்த பின், 1,000 லீற்றர் தாங்கிக்கு 33 வீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் தூள் 150 கிராமை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் நிறைந்த தாங்கியில் ஊற்றுங்கள். குழாய்களைத் திறந்து குளோரின் மணம் வரும்வரை ஓடவிட்டு மூடுங்கள். வெள்ளி பின்னேரம் ஊற்றினால் சனிக்கிழமை பிற்பகல் முழுவதையும் வெளியேற்றி, புதுத் தண்ணீர் நிரப்பலாம். இடைப்பட்ட நேரத்தில் எல்லாக் குழாயிலும் 'குடிக்க வேண்டாம்' என்று கட்டித் தொங்கவிட வேண்டும்.

வகுப்பறைக்கு வர்ணம் பூசுவதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் உப்பு. கடலோரப் பாடசாலைகளில் சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்திருக்கும். அதன் மேல் எவ்வளவு விலையான வர்ணம் பூசினாலும் அடுத்த மழைக்குள் செதிலாக உரியும். உப்பைத் தண்ணீரால் கழுவினால் அது மறுபடி சுவருக்குள் இறங்கும். காய்ந்த சுவரில் கம்பித் தூரிகையால் தேய்த்து, தூளைக் கூட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். ஈரம் எங்கிருந்து வருகிறது, பீலி ஒழுகுகிறதா, மண் சுவரோடு குவிந்திருக்கிறதா என்று பார்த்து அதை முதலில் திருத்துங்கள். ஜூன் முதல் ஓகஸ்ட் வரைதான் இந்த வேலைக்குக் காலம். டிசெம்பர் விடுமுறையில் பூசுவது காசைக் கரைப்பது. அளவுக்கு ஒரு கணக்கு: 25 அடிக்கு 20 அடி அறை, 10 அடி உயரச் சுவர், கதவு யன்னலைக் கழித்தால் சுமார் 700 சதுர அடி, அதாவது 65 சதுர மீற்றர். சொரசொரப்பான சுவரில் லீற்றருக்கு 10 சதுர மீற்றர் என்று பார்த்தால் இரண்டு பூச்சுக்கு 13 லீற்றர் வேண்டும். 4 லீற்றர் டின் மூன்று வாங்கினால் கடைசிச் சுவர் அரைகுறையாக நிற்கும், பிறகு வாங்கும் டின்னின் நிறம் சற்று மாறும். 10 லீற்றர் வாளி ஒன்றும் 4 லீற்றர் டின் ஒன்றும் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள். எட்டுப் பேருக்கு மேல் ஓர் அறைக்குள் விட வேண்டாம்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்களிடம் கேட்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். லண்டனிலும் கனடாவிலும் சுவிஸிலும் இருப்பவர்கள் மனமுவந்து தருகிறார்கள். ஆனால் அவர்கள் விரும்புவது பெயர்க்கல் பதிக்கக்கூடிய பொருள். பெரிய போட்டோகொப்பி இயந்திரம் வரும், டோனர் வாங்கக் காசு இராது, உப்புக்காற்றிலும் தூசியிலும் இரண்டு ஆண்டில் மூடிக்கட்டிக் கிடக்கும். எந்த அன்பளிப்பையும் ஏற்கும் முன் அதன் மூன்று ஆண்டு ஓட்டச் செலவு எவ்வளவு, யார் கொடுப்பது என்று எழுத்தில் தீர்மானியுங்கள். விருப்பப் பட்டியல் ஒன்றைச் சங்கமே தயாரித்து ஆண்டுக்கு ஒருமுறை அனுப்புவது நல்லது. அதில் ஆண்டு முழுவதற்குமான டோனர், தாள், கைகழுவும் சவர்க்காரம், நூலகத்துக்குப் புத்தகம் என்று சிறிய தொகைகளும் இருக்கட்டும். பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் வர வேண்டும். தனியார் கணக்குக்கு வந்து கைக்காசாகக் கொடுக்கப்படும் நன்கொடை, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பின்னால் தீராத சந்தேகத்தையே தரும்.

தரம் 1 விண்ணப்பம் கோரும் நாள் முதல் இறுதிப் பட்டியல் ஒட்டும் நாள் வரை விண்ணப்பித்த குடும்பம் எதனிடமும் நன்கொடை வாங்குவதில்லை என்று எழுத்தில் அறிவியுங்கள். அனுமதிக்குப் பணம் வாங்குவது இலஞ்சக் குற்றம். நேர்மையான அதிபர்கள்கூட 'சங்கத்துக்கு விருப்பத்தோடு தந்தது' என்ற பெயரில் அதில் சிக்கிவிடலாம்.

கணக்கு காட்டுவதற்கு நீண்ட அறிக்கை தேவையில்லை. தவணை முடிவில் ஒரே பக்கத்தில் ஆரம்ப மீதி, வரவு, செலவு, ஜனவரி ஒதுக்கம், இறுதி மீதி ஆகியவற்றையும் வங்கிக் கூற்றின் மீதியையும் எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். சிங்களமும் தமிழும் பேசும் பெற்றோர் இருக்கும் பாடசாலையில் இரு மொழியிலும் ஒட்டுங்கள். 100 ரூபாவுக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு கொடுங்கள். 25,000 ரூபாவுக்கு மேற்பட்ட கொள்வனவுக்கு மூன்று விலைக்கோரல் எடுப்பது என்பதுபோல் ஓர் எல்லையைப் பொதுக்கூட்டத்திலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தையும் வேலை நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்தால் நாட்கூலிக்காரர் வர முடியாது. வெள்ளி நண்பகல் ஜும்ஆ, ஞாயிறு காலை தேவாலயம். சனி பின்னேரம் நான்கு மணியோ போயா விடுமுறையோ பெரும்பாலானோருக்குத் தோது.

வலயக் கல்விப் பணிமனையிடம் நாங்கள் கேட்பது இரண்டு. வகுப்பு வட்ட வசூல்களும் சங்கக் காசேட்டில் ஏற வேண்டும் என்று அதிபர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள். கணக்காய்வுக்கு வரும் உத்தியோகத்தர் ஜனவரி ஒதுக்கத்தை 'செலவிடாத மிகை' என்று குறையாக எழுதாதபடி, இத்தகைய ஒதுக்கத்துக்கு முன்கூட்டியே அனுமதி தாருங்கள். இந்த அச்சத்தால்தான் பல பொருளாளர்கள் டிசெம்பரில் இருப்பதையெல்லாம் செலவழித்துவிட்டு ஜனவரியில் மறுபடி கேட்கிறார்கள்.

சங்கங்களிடம் கேட்பது, அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் 'வசூல் காலத்தை மே முதல் ஓகஸ்ட் வரை மாற்றுதல்' என்று ஒரு விடயத்தைச் சேர்க்க வேண்டும் என்பதே. ஒதுக்கக் கணக்கையும் டோக்கன் முறையையும் விளங்கப்படுத்த எவரையாவது அனுப்பச் சொன்னால், கூட்டத் திகதியை அறிவியுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
ஆரம்பப் பாடசாலைப் பெற்றோரும் முன்னாள் சங்கப் பொருளாளர்களும் சிலர்,
திருகோணமலை